கட்டிலோடு விலைபோன கதை

என் பெயர், வயது, முகவரி மூன்றும் இந்தத் தாளின் முகப்பில் எழுதப்பட்டுள்ளன. வயதில் இரண்டு கூட்டி எழுதியிருந்ததை நான் சொல்ல, எழுத்தர் திருத்திவிட்டார். நான் லிஃப்ட் பழுதுபார்க்கும் நிறுவனம் ஒன்றில் மெக்கானிக்காக இருக்கிறேன். எனக்கு மதிய ஷிஃப்ட். என் மனைவி மருந்துக் கடையில் பில் போடுகிறாள், அவளுக்குக் காலை வேலை. அவள் வீட்டுக்கு ஒரே பெண். அக்கா, தங்கை, அண்ணன், தம்பி யாரும் கிடையாது. இந்த விவகாரத்துக்கு அது முக்கியம் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இஸ்திரிக் கடை வைத்திருக்கும் பெண்மணி என்மேல் கொடுத்த புகாரைக் காவல் ஆய்வாளர் எனக்குப் படித்துக் காட்டினார். அவரிடம் கட்டிலுக்குப் பணம் வாங்கிக்கொண்டு மறைந்த ஆளும் நானும் கூட்டு என்பது புகார். அந்த ஆள் போனில் சொன்ன எல்லாமே எங்கள் வீட்டுக்குள் நடந்தவையாக இருப்பதால், வெளியாளுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை என்பது அவர் வாதம். அவர் இடத்தில் நான் இருந்தாலும் இதையேதான் எழுதிக் கொடுத்திருப்பேன். ஆனால் நான் கூட்டு இல்லை. அந்த ஆளுக்கு அதெல்லாம் நான் சொல்லித்தான் தெரியும். முன்பின் தெரியாதவனிடம் ஏன் சொன்னீர்கள் என்று ஆய்வாளர் கேட்டார். அதற்குக் கட்டிலில் இருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது.

மேற்படி கட்டில் இரும்பால் ஆனது. காலடியில் ஒரு கைப்பிடி உண்டு, அதைச் சுற்றினால் தலைப்பக்கம் உயரும். என் மாமனார் நடமாட்டம் நின்று எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவருக்காக வாங்கியது. வாங்கிய புதிதில் கைப்பிடி கிறீச்சிட்டது. லிஃப்ட் கம்பிக்குப் போடும் கிரீஸைக் கொண்டுவந்து போட்டேன், அன்றோடு சத்தம் நின்றது. காலையில் மனைவி வேலைக்குப் போன பிறகு அவரைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. துடைப்பது, உடை மாற்றுவது, மருந்து கொடுப்பது எல்லாம் நான்தான். மாமனாருக்கு அதில் ஆரம்பத்தில் பெரிய கூச்சம், எனக்கும்தான். நாங்கள் இரண்டு பேரும் அதுவரை கல்யாண வீட்டில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தால்கூட மழையைப் பற்றி மட்டும் பேசுகிற உறவு.

அதன் பிறகு ஒருநாள் நான் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருக்கும்போது, "மூணாவது மாடி போதும், மாப்பிள்ளை" என்றார். நான் சிரித்துவிட்டேன். அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. படுக்க வேண்டுமென்றால் தரைத்தளம், சாய்ந்து பேப்பர் பார்க்க இரண்டாவது மாடி, நிமிர்ந்து சாப்பிட மூன்றாவது. ஜன்னலைத் திறக்க வேண்டுமென்றால் "கதவு திறக்கலையே, கம்ப்ளெய்ன்ட் பண்ணட்டுமா?" என்பார். மனைவி இருக்கும் நேரத்தில் இதில் ஒன்றும் நடக்காது. அப்போது அவர் மாமனார், நான் மருமகன், பேச்சு மறுபடி மழைக்குப் போய்விடும்.

மாமனார் காலமான பிறகு வந்தவர்கள் எல்லோரும் என் மனைவியிடம் துக்கம் விசாரித்தார்கள். அதுதான் முறை, அவள் மகள். என்னிடம் வந்தவர்கள், நாற்காலி போதுமா, வண்டியை எங்கே நிறுத்துவது என்று கேட்டார்கள். நான் குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

சில வாரம் கழித்து, கட்டிலைப் பார்த்தால் அறைக்குள் போகவே மனம் வரவில்லை, விற்றுவிடலாம் என்று மனைவி சொன்னாள். பழைய பொருள் விற்கும் செயலியில் நான் படத்தோடு விளம்பரம் போட்டேன். உடனே ஆட்கள் வந்தார்கள். ஒருவர் "இருக்கா?" என்று கேட்டார், "இருக்கு" என்றேன், அதோடு ஆளைக் காணோம். ஒருவர் பாதி விலைக்குக் கேட்டு, கொண்டுவந்தும் போடச் சொன்னார். இன்னொருவர் பணம் அனுப்புவதாக ஒரு லிங்க்கை அனுப்பி, அதில் என் கார்டு எண்ணைப் போடச் சொன்னார். பணம் வாங்க எதற்கு என் கார்டு எண் என்று கேட்டதும் ஆங்கிலத்தில் திட்டினார். இன்னொருவர் ஒரு கட்டம்போட்ட படத்தை அனுப்பி ஸ்கேன் செய்யச் சொன்னார். ஸ்கேன் செய்தால் பணம் வராது, போகும் என்று எனக்குத் தெரியும். இரண்டு பேரையும் தடை செய்துவிட்டு, என்னிடமா காது குத்துகிறாய் என்று மனைவியிடம் பெருமையடித்துக்கொண்டேன். அந்தப் பெருமை அதிக நாள் நிற்கவில்லை.

அதன் பிறகு ஒருவர் போன் செய்தார். நான் அப்போது ஒரு அலுவலகக் கட்டடத்தின் மேலே, லிஃப்ட் மோட்டார் இருக்கும் அறையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். அந்த அறையில் மோட்டார் சத்தத்தைத் தவிரத் துணை கிடையாது. அவர் மெதுவாகப் பேசினார். விலையைக் கேட்கவில்லை. லிங்க் இல்லை, எண் இல்லை, அவசரம் இல்லை. தன் அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது என்றார். கட்டில் யாருக்காக வாங்கியது என்று கேட்டார். மாமனாருக்கு என்றேன். "மாமனாரையா பார்த்துக்கிட்டீங்க? அப்பாவைப் பார்க்கவே ஆள் இல்லாத காலம், சார்" என்றார். பிறகு, "நீங்க இப்ப எப்படி இருக்கீங்க?" என்று கேட்டார்.

ஆய்வாளர் அவர்களே, இந்தக் கேள்வியை அதுவரை ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை. அதனால் சொன்னேன். அந்த ஒரு அழைப்பில் மட்டும் அல்ல, அடுத்தடுத்து டீ நேரத்தில் அவர் கூப்பிட்டபோதெல்லாம் சொன்னேன். மாடிக் கணக்கைச் சொன்னேன், ஜன்னலைச் சொன்னேன், இடது பக்கக் கம்பியில் மாமனாரின் மோதிரம் உரசி விழுந்த கீறலைச் சொன்னேன். கைப்பிடி சுற்றுவதை வீடியோ எடுத்து அனுப்பினேன். அவர் நடுநடுவே "ம்" கொட்டினார். நன்றாகக் கேட்கத் தெரிந்த ஆள், அதை மறுக்க முடியாது. கடைசி அழைப்பில், "போற அன்னைக்கு ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டார். லைன் சரியில்லை என்று பொய் சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

அதன் பிறகு அவர் ஒரு செய்தி அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை தன் அக்கா வண்டியோடு வருவார் என்றும், பணத்தைத் தானே எனக்கு அனுப்பிவிடுவதாகவும், அக்காவிடம் பணப் பேச்சு எடுத்தால் தம்பி செலவு செய்கிறானே என்று சங்கடப்படுவார், அதனால் வேண்டாம் என்றும் எழுதியிருந்தார். இது எனக்கு நியாயமாகவே பட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை புகார்தாரர் ஒரு சரக்கு வண்டியோடு வந்தார். நான் அவரை அக்கா என்றேன். அவர் கட்டிலைச் சுற்றி வந்து, இடது பக்கக் கம்பியின் கீறலைத் தடவிப் பார்த்தார். நானும் டிரைவரும் கட்டிலைத் தூக்கி வண்டியில் ஏற்றினோம். அவரும் பணத்தைப் பற்றிப் பேசவில்லை, நானும் பேசவில்லை. அடுத்தவர் மனம் நோகக் கூடாது என்று இரண்டு பேரும் அப்படிப் பார்த்துக்கொண்டோம். அதன் பிறகு அவர் என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, "மூணாவது மாடின்னு சொல்வாராமே உங்க அப்பா. உங்க தம்பி சொல்லும்போது எனக்கே அழுகை வந்துடுச்சும்மா" என்றார்.

"எனக்குத் தம்பி இல்லையே" என்றாள் மனைவி.

அப்போதுதான் என் போனுக்குப் பணம் அனுப்பியதாக ஒரு படம் வந்தது. வங்கிக் கணக்கைத் திறந்து பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. அந்த எண்ணுக்கு அடித்தேன், எடுக்கவில்லை. புகார்தாரர் தன் போனில் இருந்து அடித்தார், அவருக்கும் எடுக்கவில்லை. எண்களை ஒப்பிட்டுப் பார்த்தோம், ஒரே எண். என்னிடம் வாங்குபவனாகப் பேசியவன், இவரிடம் விற்பவனாகப் பேசியிருக்கிறான். இறந்தவரின் மகன் என்றும், கட்டில் அக்கா வீட்டில் இருக்கிறது, அத்தான் மனம் உடைந்திருக்கிறார், அவரிடம் பணப் பேச்சு வேண்டாம் என்றும் சொல்லி முழுப் பணத்தையும் வாங்கியிருக்கிறான். நான் வண்டியை மறித்தேன். பணம் கட்டியாகிவிட்டது, கட்டில் தன்னுடையது என்று அவர் வண்டியின் பின்கதவைப் பிடித்துக்கொண்டார். அவர் கணவர் பெயின்டர், சாரத்தில் இருந்து விழுந்து முதுகெலும்பு அடிபட்டவர், அன்று மாலை ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு வருகிறார் என்பது எனக்கு அப்போது தெரியாது. தெருவே கூடிவிட்டது. "ஏத்தணுமா, இறக்கணுமா? ஒண்ணைச் சொல்லுங்க சார், வெயிட்டிங் சார்ஜ் ஏறுது" என்றார் டிரைவர். கடைசியில் வண்டி கட்டிலோடு இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தது.

அன்று வீட்டுக்குத் திரும்பியதும் என் மனைவி என்னிடம் ஒன்று கேட்டாள். அது வழக்குக்கு வெளியே என்றாலும் சொல்கிறேன். "ஊர் பேர் தெரியாதவன்கிட்ட சொல்லியிருக்கீங்க. எங்க அப்பா இப்படியெல்லாம் பேசுவார்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையேங்க" என்றாள். அவள் அழுதுவிடுவாளோ என்று பயந்தேன் என்பதுதான் உண்மை, அதைப் போய்ப் பதிலாகச் சொல்ல முடியுமா?

இன்று ஆய்வாளர், புகார்தாரரின் போனில் பதிவாகியிருந்த உரையாடலை எங்கள் மூவர் முன்னிலையில் போட்டுக் காட்டினார். அந்தக் குரலை உடனே அடையாளம் கண்டேன். என் வார்த்தைகளை அப்படியே சொன்னான். நான் திணறிய இடத்தில் அவனும் திணறினான். கேட்டுக்கொண்டிருந்த எனக்குக் கோபத்தைவிட வெட்கம் அதிகமாக இருந்தது. கடைசியில் அவன், "போற அன்னைக்கு அப்பா என்னைப் பார்த்து, கடைசி மாடி வந்துடுச்சு, கதவைத் திறன்னு சொல்லிட்டுக் கண்ணை மூடிட்டார்" என்று முடித்தான்.

ஆய்வாளர் பதிவை நிறுத்தி, இது உண்மையா என்று என்னைக் கேட்டார். இல்லை என்றேன். என் மனைவி என் பக்கம் திரும்பி, "ஒண்ணுமே சொல்லலை, தூக்கத்துல போயிட்டார்னுதானே சொன்னீங்க?" என்றாள். அப்படியானால் உண்மையில் என்ன நடந்தது என்று ஆய்வாளர் கேட்டார். இதுவரை நான் யாரிடமும் சொல்லாத அதை இங்கே சொல்கிறேன்.

அன்று காலை மருந்து கொடுக்கத் தலைப்பக்கத்தை உயர்த்தினேன். மாடி எதுவும் சொல்லவில்லை. மருந்தை விழுங்கிவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "நீங்க சாப்பிட்டீங்களா, மாப்பிள்ளை?" என்று கேட்டார். "அப்புறம் சாப்பிடறேன், மாமா" என்றேன். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்தபோது அவர் இல்லை. பெற்ற மகளுக்கு ஒரு வார்த்தை வைக்காமல், மருமகனைச் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டுப் போனார் என்று அவளிடம் நான் எப்படிச் சொல்வேன்? அவளுக்கு வர வேண்டியதை நான் எடுத்துக்கொண்டதுபோல் இருந்தது. அதனால் தூக்கத்தில் போனார் என்று சொல்லிவிட்டேன். அந்த ஆளிடமும் இதைச் சொல்லவில்லை, போனை வைத்துவிட்டேன்.

பிறகு புகார்தாரர்தான், "சார், இவர் கூட்டு இல்லை. கூட்டா இருந்தா இதை அவன் விட்டிருக்கவே மாட்டான். அவன் இட்டுக்கட்டினதைவிட இதுக்குத்தான் நான் மறுபேச்சு இல்லாம பணத்தை எடுத்து வெச்சிருப்பேன்" என்றார். இருபது வருஷமாக வாடிக்கையாளர்களின் சாக்குப்போக்கைக் கேட்டுத் தனக்குப் பழகிவிட்டதாகப் பிறகு சொன்னார். என்மேல் உள்ள சந்தேகத்தை விலக்கிக்கொள்வதாகவும், அந்தக் குரலுக்குரியவன்மேல் மட்டும் புகார் நிற்கட்டும் என்றும் ஆய்வாளரிடம் கேட்டுக்கொண்டார். எனக்கும் அந்த ஆளுக்கும் இடையே நடந்த அழைப்புகள், செய்திகள், வீடியோ அனைத்தையும் என் போனோடு ஒப்படைத்துவிட்டேன்.

கட்டில் இப்போது நிலையத்தின் பின்பக்கம், பிடிபட்ட பைக்குகளுக்கு நடுவே நிற்கிறது. அதைப் புகார்தாரரிடமே ஒப்படைப்பதில் எனக்கும் என் மனைவிக்கும் ஆட்சேபம் இல்லை. வெயிலிலும் தூசியிலும் கைப்பிடி இறுகியிருக்கும், நானே போய்க் கிரீஸ் போட்டு, எப்படிச் சுற்ற வேண்டும் என்று காட்டிவிட்டு வருகிறேன். விலையைப் பற்றி அவரும் நானும் நேரில் பேசிக்கொள்கிறோம், இந்த முறை நடுவில் யாரும் இல்லாமல்.

நான் வாயால் சொன்னதும் இந்தத் தாளில் இருப்பதும் ஒன்றுதான். மிரட்டலுக்கோ ஆசைக்கோ இடம் கொடுத்து இதில் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. எழுத்தர் இதை எனக்கு முழுவதும் வாசித்துக் காட்டினார். வாசிக்கையில், மாமனார் கடைசியாகக் கேட்ட கேள்வி வழக்குக்குத் தேவையில்லை என்று அந்த வரியை அடிக்கப் பேனாவை எடுத்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி தாளின்மேல் கையை வைத்து, "அது இருக்கட்டும் சார், எங்க அப்பா கேட்டது" என்றாள். ஆகவே அந்த வரி அடிக்கப்படாமல் விடப்பட்டது. அதன் பிறகு அவள் என்னிடம் அதே கேள்வியைக் கேட்டாள். இல்லை என்றேன். கையெழுத்துப் போட்டுவிட்டு இருவரும் சாப்பிடப் போகிறோம்.

(கையொப்பம்)