மூன்றாவது கரை

புஸ்பவதி: நிப்பாட்டாதேங்கோ அண்ணை. முதல் கரையிலை தட்டைக் கல்லு... பிறகு?

சந்திரமௌலி: ரெண்டாவது கரையில காடு. மூணாவதுதான் திராட்சை நாடு. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி கிரீன்லாந்துலேர்ந்து கிளம்பின நோர்ஸ்காரங்க, அந்தக் கால வடக்கு ஐரோப்பா கடலோடிங்க, பார்த்ததா கதையில இருக்கு. எந்த இடம்னுதான் சரியா சொல்லல.

புஸ்பவதி: அதைத்தான் இந்த ஜெர்மனிக் கீல் யூனிவர்சிற்றியிலை இருந்து தேடுறியள்.

சந்திரமௌலி: நாலு வருஷமா. ஒரு நிமிஷம்... உங்க பேர் புஸ்பவதிதானே? ஜெர்மன் கிளாஸுக்கு ஏதோ எழுதணும்னு றீற்றா சொன்னாங்க.

புஸ்பவதி: ஓம்... கிளாசுக்குத்தான். றீற்றாவும் நானும் அகதியளை வைச்சிருக்கிற ஒரே ஹைமிலை இருக்கிறம். இஞ்சை கூட்டித் துடைக்க வாறவவெல்லோ, அவதான் சொன்னவ. மெட்றாஸ்காரர் ஒருத்தர் கடல் வரைபடங்களோடை தனிய இருக்கிறார் எண்டு.

சந்திரமௌலி: தனியா... சரியாத்தான் சொல்லியிருக்காங்க.

புஸ்பவதி: அந்த மூன்றாவது கரை இப்ப எந்த நாடு?

சந்திரமௌலி: நியூஃபவுண்ட்லாந்துன்னு பல பேர் சொல்றாங்க. கனடாவோட கிழக்கு முனை. நோர்ஸ்காரங்க வீடு இருந்த தடம் அங்க கிடைச்சிருக்கு. ஆனா அங்க திராட்சை விளையாது. அதனால இன்னும் கொஞ்சம் தெற்கேன்னு நான் சொல்றேன். புரொபசர் ஒத்துக்க மாட்டேங்கறார்.

புஸ்பவதி: எது சரியெண்டாலும் கனடாதான்.

சந்திரமௌலி: ஆமா, கனடாதான்.

புஸ்பவதி: இஞ்சையிருந்து கப்பலிலை போனால் முதல் அந்த முனைதானே வரும்?

சந்திரமௌலி: அநேகமா.

புஸ்பவதி: ஆடி மாசத்திலை கடல் எப்பிடி?

சந்திரமௌலி: அமைதியா இருக்கும். வெயில் அடிக்கும். கரையெல்லாம் புல்லு...

புஸ்பவதி: அங்கை இருந்த சனம்? வந்தவையை அடிச்சுக் கலைச்சதோ?

சந்திரமௌலி: முதல்ல வியாபாரம் பண்ணாங்க. இவங்க பால் குடுத்தாங்க, அவங்க தோல் குடுத்தாங்க.

புஸ்பவதி: பிறகு?

சந்திரமௌலி: பிறகு சண்டை... அதை விடுங்க. பெண்களும் போயிருக்காங்க. ஒருத்தங்க அங்கயே பிள்ளை பெத்தாங்க.

புஸ்பவதி: தனியப் போனவவோ?

சந்திரமௌலி: இல்ல. புருஷனோட.

புஸ்பவதி: ம்... அந்தக் கரையை ஒரு தாளிலை கீறித் தாறியளோ? எங்கை கல்லு, எங்கை இறங்கலாம் எண்டு.

சந்திரமௌலி: ஜெர்மன் கிளாஸ்ல இறங்குற இடமெல்லாமா கேக்கறாங்க? கப்பல் எப்ப?

புஸ்பவதி: கப்பலெண்டு நான் சொல்லேல்லையே.

சந்திரமௌலி: சொல்லல. ஆனா கேட்டதெல்லாம் அதைத்தான்.

புஸ்பவதி: ...வாற ஞாயிற்றுக்கிழமை. என்ரை அகதி அன்ட்ராக்கை, அந்த விண்ணப்பத்தை, நிராகரிச்சுப்போட்டாங்கள். எண்பத்திநாலிலை என்ரை மனுசனை ஊரிலை ஆமி கொண்டுபோனது, இண்டுவரைக்கும் ஆளைக் காணேல்லை. திரும்பிப் போய் நான் என்ன செய்ய? கரைக்குக் கிட்டக் கொண்டுபோய்ச் சின்ன வள்ளத்திலை இறக்கிவிடுவினமாம். ஒருத்தருக்கும் மூச்சு விடக்கூடாதாம். றீற்றாவுக்கும் தெரியாது.

சந்திரமௌலி: உக்காருங்க. நான் சொன்னது பாதிதான்.

புஸ்பவதி: மிச்சப் பாதி?

சந்திரமௌலி: கோடையிலயும் அங்க மூடுபனி. கரை பக்கத்துல இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. பனிப்பாறை மிதந்து வரும். ஒரு கோடை முழுக்கக் கரையே காணாம அலைஞ்சு திரும்பினவங்களும் கதையில உண்டு.

புஸ்பவதி: பிறகேன் வெயில், புல்லு எண்டனீங்கள்?

சந்திரமௌலி: பயமுறுத்தினா எழுந்து போயிடுவீங்கன்னு. நான் தமிழ் பேசியே மூணு மாசம் ஆச்சு. என் ஆராய்ச்சியை யாரும் இப்படி உக்காந்து கேட்டதில்ல.

புஸ்பவதி: ...எனக்கும் கேட்டுக்கொண்டிருக்க விருப்பமாத்தான் இருந்தது.

சந்திரமௌலி: போகாதீங்க.

புஸ்பவதி: போகாமல்?

சந்திரமௌலி: ...தெரியல.

புஸ்பவதி: நீங்கள் அந்தக் கரையை நேரிலை பாத்தனீங்களோ?

சந்திரமௌலி: இல்ல. படத்துலதான்.

புஸ்பவதி: அப்ப கீறித் தாங்கோ. ஒளிக்காமல் கீறுங்கோ.

சந்திரமௌலி: இந்தப் பக்கம் முழுக்கப் பாறை, கிட்ட விடாதீங்க. இந்த வளைவுக்குள்ள காத்து கொஞ்சம் அடங்கும். மீன்பிடிக்கிற ஊர்கள் இங்கதான், படகு எதையாவது பார்த்தா சத்தம் போடுங்க. குளிருக்கு என் கோட்டைப் போட்டுக்குங்க... பெருசா இருந்தா பரவாயில்ல. போய்ச் சேர்ந்ததும் எனக்கு ஒரு கார்டு போடுங்க, புஸ்பவதி.

புஸ்பவதி: கார்ட்டிலை அந்தப் பேர் இராது, அண்ணை. புஸ்பவதி எண்டது இஞ்சை வந்து இறங்கின கள்ளப் பாஸ்போட்டிலை இருந்த பேர். ஹைமிலையும் அதுதான், றீற்றாவுக்கும் அதுதான். படம் எந்தப் புத்தகக் கடையிலையும் வாங்கலாம், நான் அதுக்கு வரேல்லை. கடலிலை ஏதும் நடந்தால், போனது ஆரெண்டு ஒரு ஆளுக்காவது தெரிஞ்சிருக்க வேணும். நான் கமலநாயகி.