என்ன கேஸ் என்று யாரும் கேட்கவில்லை

இரவு இரண்டு மணி இருக்கும். மலைச் சாலை. இரண்டு பக்கமும் பைன் மரம். மேலே பனி, கீழே பனி... நடுவில் எங்கள் பஸ் செத்துப் போய் நின்றது.

வெள்ளிக்கிழமை இரவு பிராங்க்ஸ் நகர்ப் பகுதியில் ஏறினால், விடியும்போது கனடா எல்லைக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கும் சிறையின் வாசலில் இறக்கிவிடும் பஸ் அது. ஏறுகிறவர்கள் எல்லோரும் பெண்கள். அம்மா, மனைவி, அக்கா, தங்கை. என் புருஷனைப் பார்க்க நான் இதில் ஏறத் தொடங்கியபோது என் தலையில் ஒரு நரை கிடையாது. இப்போது கறுப்பு முடியைத்தான் தேட வேண்டும்.

டிரைவர் ஹாலிஸ் டார்ச்சை எடுத்துக்கொண்டு இறங்கினார். என்னவோ உடைந்துவிட்டது, இழுத்துப் போக வேறு வண்டி வர வேண்டும் என்றார். எஞ்சின் போனதும் ஹீட்டரும் போனது. கொஞ்ச நேரத்தில் கண்ணாடியின் உள்பக்கமே பனி பூத்துவிட்டது. எல்லோரும் நடு சீட்டுகளுக்கு வந்து நெருக்கி உட்கார்ந்தோம். ஒரே போர்வைக்குள் நாலைந்து கால்கள். யாரோ சோள ரொட்டியைப் பிய்த்துக் கை மாற்றினார்கள்.

ஜனெல் மட்டும் வரவில்லை. புதுப் பெண். கல்யாணமாகி ஒரு வருடம் கூட ஆகவில்லை, முதல் தடவையாகப் புருஷனைப் பார்க்க வருகிறாள். பாவம், வழியில் பெட்ரோல் பங்கில் இறங்கி ஏறும்போது சறுக்கி விழுந்து கோட்டெல்லாம் சொட்டச் சொட்ட நனைந்துவிட்டது. பின்னால் தன் சீட்டிலேயே சுருண்டு கிடந்தாள்.

புதிதாக வருகிறவர்களுக்குப் பாடம் எடுப்பது என் வேலை. யாரும் கொடுத்த வேலை இல்லை, நானாக எடுத்துக்கொண்டது. ஏறும்போதே அவளுக்கும் சொல்லிவிட்டேன். பச்சை உடை போடாதே, கைதிகளின் நிறம் அது, உள்ளே விட மாட்டார்கள். கம்பி வைத்த உள்ளாடை வேண்டாம், வாசலில் மெஷின் கத்தும். அடையாள அட்டையைக் கையிலேயே வைத்துக்கொள். அப்புறம், எல்லாவற்றையும் விட முக்கியமானது. யாரிடமும் என்ன கேஸ் என்று கேட்காதே. யாரைப் பார்க்க என்று கேட்கலாம், இன்னும் எவ்வளவு காலம் பாக்கி என்று கேட்கலாம். அதைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மறுவாரம் உன் பக்கத்தில் ஒருத்தியும் உட்கார மாட்டாள். எனக்கு முன்னால் வந்தவர்கள் எனக்குச் சொல்லிக் கொடுத்தது அது. அந்த ஒரு மரியாதைதான் எங்களிடம் மிச்சம்.

ரொவீனா என்று ஒருத்தி, வாய் சும்மா இருக்காது. அவள்தான் ஆரம்பித்து வைத்தாள்.

"அக்கா, தூங்கினா விறைச்சுப் போயிருவோம். ஏதாச்சும் கதை சொல்லு. உன் புருஷன் கதை மட்டும் வேண்டாம், எங்களுக்கு அது மனப்பாடம்."

அதனால் வெர்லீன் கதையைச் சொன்னேன். எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை இல்லை. அதற்கெல்லாம் பயப்பட என்னிடம் தெம்பு இல்லை என்பதுதான் உண்மை. குளிருக்கு ஒரு கதை, அவ்வளவுதான்.

வெர்லீன் என் சிநேகிதி ஈவெட்டின் பெரியம்மா. பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை, சாயங்காலம் ஒரு முதியோர் இல்லத்தில் இன்னொரு வேலை. ஒரே மகன் லமான்ட். அம்மாவுக்கு முழங்கால் வலி என்று வீட்டுத் துணியெல்லாம் அவன்தான் தெருமுனை லாண்டரிக்குக் கொண்டுபோய், காசு போட்டுத் துவைத்து, உலர்த்தி எடுத்து வருவான். ஒரு ராத்திரி அப்படிப் போய்விட்டு வந்து படுத்தான். காலையில் அந்த லாண்டரியில் வேலை பார்த்த பெண், துணி உலர்த்தும் டிரையர்களுக்கு நடுவில் செத்துக் கிடந்தாள். எதிர் வீட்டு ஆள் ஒருவன், ஆவி படிந்த கண்ணாடி வழியாக ஒரு கறுப்புப் பையனைப் பார்த்தானாம்.

அது போதாதா? இரண்டு துப்பறிவாளர்கள் லமான்ட்டை ஓர் அறையில் விடிய விடிய உட்கார வைத்தார்கள். ஒத்துக்கொண்டால் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். அவனுக்கு அப்போது மீசை கூட ஒழுங்காக முளைக்கவில்லை. தூக்கம் கண்ணைச் சுழற்றியது. ஒத்துக்கொண்டான். அந்த வீட்டுக்குப் போவதற்குத்தான் இன்னும் காத்துக்கொண்டிருக்கிறான்.

இதைச் சொன்னபோது பஸ்ஸில் யாரும் உச்சுக் கொட்டவில்லை. எங்களில் பாதிப் பேர் வீட்டில் இதே கதைதான்.

வழக்கு நடந்தபோது வெர்லீன் கோர்ட்டு அறைக்குள் கால் வைக்கவே இல்லை. பையன் அந்த நேரம் வீட்டில் இருந்தான் என்று சொல்ல அவளைச் சாட்சியாகப் போட்டிருந்தார், அரசாங்கம் கொடுத்த வக்கீல். சாட்சி சொல்லப் போகிறவள் மற்றவர்கள் பேசுவதைக் கேட்கக் கூடாது. வெளியே வராந்தா பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள். இதோ கூப்பிடுவார்கள், இதோ கூப்பிடுவார்கள் என்று நல்ல சட்டை போட்டுக்கொண்டு தினமும் உட்கார்ந்திருந்தாள். கூப்பிடவே இல்லை. கதவு திறந்து கூட்டம் வெளியே வந்தபோதுதான் எல்லாம் முடிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. ஆயுள் தண்டனை. செத்துப்போனவளின் முகத்தைக் கூட அவள் பார்த்ததில்லை. செய்தித்தாளில் போட்டதும் லமான்ட்டின் படத்தை மட்டும்தான்.

அப்புறம் இந்தப் பஸ். வாரா வாரம்.

ஒரு குளிர்கால இரவு. இதே சாலை, இதே மலை. பெட்ரோல் பங்கில் பஸ் நின்றது. எல்லோரும் இறங்கி, சுருட்டி வைத்த முடியை அவிழ்த்து, நல்ல துணி மாற்றி, உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு வந்தார்கள். வெர்லீன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு கடைசியாக ஏறினாள். அவள் பக்கத்து சீட்டில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.

முப்பது வயது இருக்கும். நீல நிறத்தில் மெல்லிய வேலைக் கோட்டு. அந்தக் குளிருக்கு அது எந்த மூலைக்கு? காலில் செருப்பு, அதுவும் ஈரம். ஆனால் அவளிடமிருந்து வந்தது சூடான பருத்தித் துணி வாசனை. மலிவு சோப்புத்தூள் வாசனை... அப்புறம் ஒரு சத்தம். டக்... டக்... டக்... டிரையருக்குள் சட்டைப் பித்தான் தட்டிக்கொண்டே சுற்றுமே, அந்தச் சத்தம். பஸ் ஹீட்டர்தான் ஏதோ தகராறு பண்ணுகிறது என்று வெர்லீன் நினைத்துக்கொண்டாள்.

தாளில் சுற்றி வைத்திருந்த கோழி வறுவலை அவளிடம் நீட்டினாள். அவள் வேண்டாம் என்றாள். பையனைப் பார்க்கவா போகிறீர்கள் என்று கேட்டாள். ஆமாம் என்றாள் வெர்லீன். நானும் அங்கேதான் ஒருத்தரைப் பார்க்கப் போகிறேன், ஆனால் என்னை உள்ளே விட மாட்டேன் என்கிறார்கள் என்றாள் அவள். அடையாள அட்டை இல்லையா என்று வெர்லீன் கேட்டதற்கு, இருந்தது, போலீஸ் எடுத்துக்கொண்டு போய்விட்டது, திருப்பித் தரவில்லை என்றாள். இந்தப் பஸ்ஸில் இது பெரிய அதிசயமா? வெர்லீனுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவள் மெதுவாகக் கேட்டாள்.

"எதுக்கு எடுத்தாங்கன்னு கேக்க மாட்டீங்களா?"

வெர்லீன் அவள் கையைத் தட்டிக் கொடுத்தாள். கை சில்லென்று இருக்கும் என்று நினைத்தாளாம். இல்லை. டிரையரிலிருந்து அப்போதுதான் எடுத்த துணி மாதிரிக் கொதித்தது.

"இந்தப் பஸ்ல அதெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க, கண்ணு. நிம்மதியாத் தூங்கு."

அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் வந்தாள். அடுத்த குளிர்காலமும் வந்தாள். எப்போதும் பெட்ரோல் பங்குக்கு அப்புறம்தான். சில வாரம் பேசவே மாட்டாள். சில வாரம் அதே கேள்வி... எதுக்குன்னு கேக்க மாட்டீங்களா? வெர்லீன் அதே பதிலைச் சொல்லிப் போர்வையில் பாதியை அவள் மேல் இழுத்துவிடுவாள். விடிந்ததும் வாசல் வரிசையில் பின்னால் நிற்பாள். வெர்லீன் உள்ளே நுழையும்போது திரும்பிப் பார்த்தால் இருக்க மாட்டாள். மறுபடி திருப்பி அனுப்பிவிட்டார்கள் போல என்று நினைத்துக்கொண்டு, அவளுக்காகக் கொஞ்சம் வருத்தப்பட்டுவிட்டு, மகனைப் பார்க்கப் போவாள்.

"அவ யாரைத்தான் பாக்க வர்றா?" என்று ரொவீனா இழுத்தாள். அவள் குரல் ஏற்கனவே பாதியாகியிருந்தது. பேசாமல் கேள் என்றேன்.

சட்டக் கல்லூரி ஒன்றில் சில பேர் சேர்ந்து லமான்ட் வழக்கைக் கையில் எடுத்தார்கள். எதிர் வீட்டு ஆளுக்கு அப்போதே கண்ணில் புரை என்று கண்டுபிடித்தார்கள். மறுபடி ஒரு விசாரணை. இந்தத் தடவை வெர்லீன் சாட்சி இல்லை, அதனால் உள்ளே உட்கார விட்டார்கள். முன் வரிசையில் ஈவெட் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திரையில் படம் போட்டார்கள். செத்துப்போனவள், நெரெய்டா, உயிரோடு இருந்தபோது எடுத்தது. நீல வேலைக் கோட்டு.

வெர்லீன் அழவில்லை, கத்தவில்லை. தங்கை மகளின் கையைத்தான் நசுக்கினாள். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து காலணியைக் கழற்றும்போதுதான் சொன்னாளாம்.

"ரெண்டு வருஷமா எம் பக்கத்துல உக்காந்துக்கிட்டு வந்தாடி. யாரு பண்ணான்னு அவளுக்குத் தெரியும். என்னாச்சுன்னு நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தாச் சொல்லியிருப்பா. நான் தூங்குன்னு சொன்னேன்."

விசாரணையில் ஒன்றும் நடக்கவில்லை. கண்ணில் புரை இருந்தது உண்மைதான், ஆனால் அதைச் சொல்ல வேண்டிய கெடு தாண்டிவிட்டது என்றார் நீதிபதி. உண்மைக்கும் கெடு உண்டு. அது உங்களுக்குத் தெரிந்ததுதானே.

அதற்கப்புறம் வெர்லீன் பஸ்ஸில் ஏறியதே நெரெய்டாவுக்காகத்தான் என்று ஈவெட் சொல்வாள். பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் கேட்பாள். உன் கேஸ் என்ன, யார் பண்ணது, சொல்லு. எங்கள் ஆட்கள் சும்மா விடுவார்களா? ஒருத்தி திட்டினாள். ஒருத்தி காப்பியை மேலே ஊற்றினாள். கிழவிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று எல்லோரும் தள்ளிப் போய்விட்டார்கள். பக்கத்து சீட்டு காலியாகவே வந்தது. நெரெய்டாவும் வரவில்லை.

ஒரே ஒரு தடவை வந்தாள். அன்று வெர்லீன் பகலில் பள்ளிக்கூடம், சாயங்காலம் முதியோர் இல்லம் என்று இரண்டு வேலையும் முடித்து, மழையும் பனியுமாகக் கொட்டியதில் நனைந்து வந்து ஏறியிருந்தாள். பெட்ரோல் பங்கு வரை கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும் என்று தொடையைக் கிள்ளிக்கொண்டே வந்திருக்கிறாள். உடம்பு கேட்கவில்லை. தூங்கிவிட்டாள்... கண் விழித்தபோது சிறை வாசல். பக்கத்து சீட்டு காலி, ஆனால் தொட்டால் சூடு. நனைந்து கிடந்த அவள் கோட்டு, மடியில் இருந்தது. உலர்ந்திருந்தது. இரண்டு கையையும் உள்ளே மடித்து, லாண்டரியில் மடித்துக் கொடுப்பார்களே, அப்படிச் சதுரமாக மடித்திருந்தது.

வெர்லீன் போன வருடம் கண்ணை மூடிவிட்டாள். லமான்ட் உள்ளேதான் இருக்கிறான். ஈவெட்டும் வேறு ஊருக்குப் போய்விட்டாள். அவனைப் பார்க்க இப்போது யாரும் வருவதில்லை.

கதை முடிந்தது. வெளியே ஒரு கிளையிலிருந்து பனி சரிந்து விழுந்தது.

"அவளாவே சொல்லியிருக்கலாம்ல?" என்றாள் ரொவீனா கடைசியில்.

"நம்மள்ல யாரு கேக்காமச் சொல்றோம்?" என்றேன்.

ஹாலிஸ் கதவைத் தட்டினார். இழுக்கும் வண்டி கிளம்பிவிட்டதாம், இன்னும் கொஞ்ச நேரம் பொறுங்கள் என்றார். எல்லோரும் கொட்டாவி விட்டுக்கொண்டு போர்வையைச் சரி செய்தார்கள். எனக்கும் கண் செருகியது. அப்போதுதான் பின்னாலிருந்து ஜனெலின் குரல்.

"அக்கா, அவங்க எங்க?"

"யாரு?"

"எம் பக்கத்துல இருந்தவங்க. பங்குல ஏறுனாங்களே, நீலக் கோட்டு. பஸ் நிக்கிற வரைக்கும் இங்கதான் இருந்தாங்க. நான் இப்பத்தான் முழிச்சேன்."

கதை சொல்லும்போது அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை. நான் எழுந்து, சீட்டுகளைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். என் மூச்சு எனக்கு முன்னால் வெள்ளையாகப் போனது. ஜனெல் மடியில் அவள் கோட்டு இருந்தது. இரண்டு கையையும் உள்ளே மடித்து, சதுரமாக. தொட்டேன். கை சுட்டது.

"என்ன பேசுனாங்க?" என்று கேட்டேன்.

"பெருசா ஒண்ணும் இல்லக்கா. எதுக்குன்னு கேக்க மாட்டியா, எதுக்குன்னு கேக்க மாட்டியான்னு ரெண்டு மூணு தடவை கேட்டாங்க." ஜனெல் என்னைப் பார்த்துச் சிரித்தாள், சொல் பேச்சுக் கேட்ட பிள்ளை மாதிரி. "நான் கேக்கலக்கா. நீங்கதான் கேக்கக் கூடாதுன்னு சொன்னீங்களே."