இடப்பக்கத்து அலமாரி

அக்கா: ஜிப்பு இல்லன்னு சொல்லி அந்த டெய்லரம்மாவ எதுக்குடா அனுப்பினே?

தம்பி: இல்லாததுக்கு இல்லன்னுதானே சொல்ல முடியும்?

அக்கா: உன் இடது கைப் பக்கம் திரும்பிப் பாரு. அடுக்கடுக்கா இருக்கே, அதுக்குப் பேரு என்ன?

தம்பி: இப்ப இருக்கு. நேத்து இல்ல.

அக்கா: ஓ... ஜிப்பெல்லாம் லீவு போட்டுட்டு ஊருக்குப் போயிருந்துச்சா?

தம்பி: அதத்தான் நானும் கேக்கறேன். யாரு எடுத்தது? யாரு திருப்பி வெச்சது? கடைல இருக்கறது ரெண்டு பேரு. நான் எடுக்கல.

அக்கா: அடப்பாவி! ஜிப்ப ஒளிச்சு வெச்சு எனக்கு என்னடா ஆகப்போகுது?

தம்பி: எனக்குக் கடைய நடத்தத் தெரியலன்னு ஆகும். மாமா வேலைய விட்டு ரெண்டு மாசமா உன் வீட்ல சும்மா இருக்காரு... இந்த நாற்காலி அவருக்கு அளவெடுத்துச் செஞ்ச மாதிரியே இருக்கும்.

அக்கா: உன் நாக்க அறுத்துத்தான் போடணும். சரி, நான் ஒண்ணு கேக்கறேன். முக்குக் கடைக்காரன் உனக்கு என்ன தர்றதாச் சொன்னான்?

தம்பி: எனக்கா?

அக்கா: பின்ன? இந்த மாசத்துல நாலு பேரு. நீ 'இல்ல'ங்கறே, அவங்க நேரா அங்கே போய் வாங்கறாங்க. நான் என்ன, நேத்துப் பொறந்தவளா? ...வாங்கம்மா, வாங்க. உங்களப் பத்தித்தான் பேசிட்டிருக்கேன்.

டெய்லரம்மா: நல்லாக் கேளுங்க! ஜிப்பு இல்லன்னாக்கூடப் போகட்டும். நேத்துப் பத்து நிமிஷம் இங்கேயே நிக்கறேன். 'தம்பி, தம்பி'ங்கறேன். ஆளு நிக்கறதே தெரியாத மாதிரி எங்கேயோ பாக்கறாரு.

அக்கா: எந்தப் பக்கம் நின்னீங்க?

டெய்லரம்மா: இதோ, இந்த அலமாரிகிட்டதான். அப்புறம் அந்தப் பக்கமா சுத்தி வந்தேன். 'வாங்கம்மா, எப்ப வந்தீங்க'ன்னு சிரிக்கறாரு! நடிப்புன்னா... யப்பா!

தம்பி: கண்ணுல வெயில் அடிச்சிருக்கும்மா.

டெய்லரம்மா: நேத்து மழை கொட்டுச்சு தம்பி. நனஞ்சுட்டுத்தான் வந்தேன்.

அக்கா: இந்தாங்க ஜிப்பு. நீங்க கெளம்புங்கம்மா, நான் பாத்துக்கறேன்.

டெய்லரம்மா: இன்னிக்கு மட்டும் எங்கேர்ந்து வந்துச்சோ! வர்றேன்.

அக்கா: ...டேய். ஜிப்பு உன் இடது பக்கம். லேஸு இடது பக்கம். அந்தம்மா நின்னதும் இடது பக்கம்.

தம்பி: அதுக்கு?

அக்கா: நேத்து தலைவலின்னு சொன்னேல்ல... வலது காதுக்கு மேல, பின்னாடி. வாந்தி வர்ற மாதிரி இருந்துச்சா?

தம்பி: என்னக்கா, போலீஸ் வேல ஏதாச்சும் கெடச்சிருச்சா?

அக்கா: எவ்வளவு நேரம் இருந்துச்சு?

தம்பி: ஒரு மணி நேரம். அப்புறம் எல்லாம் பழைய இடத்துக்கு வந்துருச்சு.

அக்கா: 'எல்லாம்'னா? ...அப்ப ஜிப்ப யாரும் எடுக்கலன்னு உனக்கே தெரியும். தெரிஞ்சுட்டே என்மேல பழி போட்டே!

தம்பி: நீதான் எடுத்தேன்னு இருந்தா எவ்வளவு நல்லாருக்கும்! ...போன வாரம் தட்டுல பாதிச் சாப்பாட்ட வெச்சுட்டு எழுந்துட்டேன். இடது பக்கத்துப் பாதி. அவ காட்டினாத்தான் தெரியுது. அதையும் மாமாவா வந்து ஒளிச்சு வெச்சாரு?

அக்கா: உன் பொண்டாட்டி என்ன சொன்னா?

தம்பி: வாய ஊதிக் காட்டச் சொன்னா. குடிச்சிருக்கேனாம். அப்புறம் அவளே பயந்துபோய் டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனா.

அக்கா: என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல! என்னன்னாங்க?

தம்பி: பக்கவாதமோன்னு பாத்தாங்க. எங்கேயும் அடைப்பு இல்லயாம். ஆனா அந்த டாக்டரம்மா விடறதா இல்ல, கேள்வி மேல கேள்வி...

அக்கா: என்ன கேட்டாங்க?

தம்பி: இரு. நீ மொதல்ல சொல்லு. தலைவலின்னுதான் சொன்னேன். வலது காதுக்கு மேலன்னு உனக்கு எப்படித் தெரியும்?

அக்கா: அது... ஒரு குத்துமதிப்பாத்தான்...

தம்பி: ஒரு முழம் லேஸக்கூட நீ குத்துமதிப்பாக் கொடுத்தது கெடையாது. சொல்லுக்கா.

அக்கா: அங்கே முடி வளரல இல்ல, அதனால...

தம்பி: ஊஞ்சல்லேர்ந்து விழுந்த தழும்புன்னுதானே சொன்னீங்க?

அக்கா: ஊஞ்சல் இல்லடா. மூளைல கட்டி. அப்ப உனக்கு ஆறு வயசு. வெட்டி எடுத்துட்டு, ஆறு வாரம் தலைக்குக் கதிர்வீச்சு குடுத்தாங்க. பொழச்சுக்கிட்டே. ஆனா அதோட விளைவு இருபது வருஷம் கழிச்சும் வரலாம்னாங்க. தலைவலி, பார்வ, பேச்சு... எதுல மாத்தம் தெரிஞ்சாலும் ஒடனே கூட்டிட்டு வரச் சொன்னாங்க. வருஷா வருஷம் வேற காட்டச் சொன்னாங்க.

தம்பி: காட்டினீங்களா?

அக்கா: கண்ணு டெஸ்ட்டுன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போவோமே, அதான். உனக்குப் பொண்ணு பாக்க ஆரம்பிச்சதும் நிறுத்திட்டோம். வெளியே தெரிஞ்சா யாரு பொண்ணு குடுப்பாங்கன்னு அம்மாவுக்குப் பயம். ஃபைலு என் பீரோல, பொடவைக்கு அடில இருக்கு. நான் ஒளிச்சது ஜிப்ப இல்லடா... அத.

தம்பி: இன்னிக்குத்தான் பேரம் இல்லாம ஒரு உண்மையச் சொல்லியிருக்கே.

அக்கா: கிண்டல் பண்ற நேரமா இது? ஷட்டர எறக்கு. ஃபைல எடுத்துட்டு இப்பவே போலாம். அது கைல இருந்தாத்தான் அந்த டாக்டரம்மாவுக்கு இது என்னன்னு புரியும். பாவம், அவங்களுக்கு எப்படித் தெரியும்... உனக்கே தெரியாதப்ப!

தம்பி: என் பொண்டாட்டியையும் கூட்டிட்டுப் போகணும்.

அக்கா: இப்ப எதுக்கு அவ? மொதல்ல நாம ரெண்டு பேரும் போய்...

தம்பி: அந்த ஆறு வாரமும் மூஞ்சில வலை மாதிரி ஒண்ண மாட்டி, மேசையோட சேத்துப் பூட்டுவாங்க. கதவச் சாத்திட்டு நீங்க எல்லாரும் வெளியே போயிடுவீங்க. அத யாருக்கா மறப்பாங்க? அம்மா அழக் கூடாதேன்னு நானும் ஊஞ்சல்னே சொல்லிட்டு இருந்தேன். போன வாரம் அந்த டாக்டரம்மா நேராவே கேட்டாங்க, 'தலைக்குக் கதிர்வீச்சு ஏதாவது குடுத்திருக்காங்களா'ன்னு. அவதான் என் கையப் புடிச்சுக்கிட்டு, 'இல்ல டாக்டர், சின்ன வயசுலேர்ந்து இவரு ஆஸ்பத்திரிப் பக்கமே போனதில்ல'ன்னா... நானும் 'ஆமா, போனதில்ல'ன்னு தலையாட்டினேன்.