வரிசையில் நின்ற சவரியம்மாள்

தோழிகளே, நிவாரணம்னா என்னன்னு இவ்வளவு நேரம் பேசினோம். அரிசி, பாய், போர்வை, மாத்திரை... எல்லாம் சரி. அந்த மூட்டையெல்லாம் கொஞ்சம் இறக்கி வைங்க. ஒரு சின்னக் கதை சொல்றேன்.

ஒரு கடலோரக் குப்பம். புயல் அடிச்சு ஓய்ஞ்சிருக்கு. கரண்ட் இல்லை. செல்போன் கோபுரம் சாய்ஞ்சு கிடக்கு. ஊர் சனம் மொத்தமும் மாதா கோயிலுக்குள்ள. அங்கே ஒரு தொண்டு நிறுவனத்துக்காரங்க ஜீப்புல வந்து இறங்கினாங்க. அவங்ககிட்ட ஒரே ஒரு சாட்டிலைட் போன். கோபுரம் இல்லாமலே பேசலாம். ஆனா பாட்டரி தாங்காது. அதனால ஆளுக்கு ஒரு நிமிஷம்தான்.

மேசையில உட்கார்ந்து நம்பர் போட்டுக் கொடுத்தவ ரஹீமா. நர்சிங் முடிச்சிட்டுத் தொண்டரா வந்த பொண்ணு. வரிசையில ஒரு அம்மா வந்து நின்னாங்க. சவரியம்மாள். அவங்க புருஷன் புயலுக்கு முன்னாடி கடலுக்குப் போனவர், இன்னும் திரும்பலை.

வெயில்ல நிப்பாங்க. நகர்ந்து நகர்ந்து மேசைகிட்ட வருவாங்க. வந்ததும் பின்னாடி திரும்பி, "நீ பேசு தாயி"ன்னு அடுத்த ஆளை முன்னாடி விட்டுட்டு, மறுபடியும் கடைசியில போய் நிப்பாங்க. அன்னைக்கும் அப்படித்தான். மறுநாளும் அப்படித்தான்.

பின்னாடி நின்ன இன்னாசியம்மாள் சும்மா இருப்பாங்களா? "என்னடி, ரேஷன் கடைன்னு நினைச்சியா? நாளைக்கு வா, சீனி போடுவாங்க."

ரஹீமா என்ன நினைச்சா? பாவம், நம்பர் தெரியலை போலன்னு நினைச்சா. "அம்மா, நம்பர் மறந்துடுச்சா?" சவரியம்மாள் பத்து எண்ணையும் ஜெபம் மாதிரி ஒப்பிச்சாங்க.

"பின்னே ஏம்மா பேசலை?"

"போன் போட்டா ஏதோ ஒரு பதில் வந்துரும்ல கண்ணு. வரிசையில நிக்கிற வரைக்கும்... நான் அவர்கிட்ட பேசப் போறவ."

பயம் அப்படித்தான் தோழிகளே. ரிசல்ட் வந்த அன்னைக்கு, பாக்காம எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கோம்? நமக்கு அது மார்க்கு. அந்த அம்மாவுக்குப் புருஷன்.

மூணாவது நாள். சாயங்காலம் போன் அடுத்த குப்பத்துக்குப் போகுது. ரஹீமா சொன்னா, "நீங்க பேச வேண்டாம்மா. நானே போடுறேன். என் கையை மட்டும் புடிச்சுக்கங்க."

போட்டா. அணைச்சு வைக்கப்பட்டிருக்குன்னு பதில்.

"தண்ணியில விழுந்திருக்கும்"னு சவரியம்மாள் அவசரமா சொன்னாங்க. "சட்டைப் பையிலதான் வைப்பாரு. எத்தனையோ தடவை சொல்லியாச்சு."

ரஹீமாவுக்கு ஒண்ணு தோணிச்சு. புயலுக்குத் தப்பின படகுகள் வடக்கே ஒரு துறைமுகத்துல ஒதுங்கியிருக்கு. அங்கேயும் இவங்க தொண்டர் ஒருத்தர் இருக்கார். பாலையா. லாரி ஓட்டுறவர், லீவு போட்டுட்டு வந்தவர். உடனே அவரைப் போன்ல கூப்பிட்டா. "அண்ணே, படகுத்துறையில ஒரு ஆளைத் தேடணும். பேரு..."

சவரியம்மாள் தரையைப் பாத்தாங்க. இன்னாசியம்மாள்தான் சொன்னாங்க. "மரியசூசை. புருஷன் பேரு அவ வாயில வராது."

"லைன்லயே இருங்க"ன்னார் பாலையா. நடந்துகிட்டே கூப்பிட ஆரம்பிச்சார். மரியசூசை அண்ணே... மரியசூசை அண்ணே...

ரஹீமா போனைச் சவரியம்மாள் காதுல வச்சா. இஞ்சின் சத்தம், அலைச் சத்தம். அதுக்கு நடுவுல முகம் தெரியாத ஒரு ஆள், படகு படகா, அவங்க புருஷன் பேரைக் கூப்பிட்டுகிட்டே போறார்.

ஒரு நிமிஷம் முடிஞ்சிருச்சு. குழுத் தலைவர் வந்தார். "ரஹீமா, பின்னாடி ஆள் நிக்குது பாரு."

"என் நிமிஷத்தை அவளுக்குக் குடுங்க சார்." யார் சொன்னது? இன்னாசியம்மாள்.

"என்னுதையும்." வரிசையில இன்னொரு அம்மா.

"என் மருமகன்கிட்ட அப்புறமா சண்டை போட்டுக்கிறேன். என்னுதையும் எடுத்துக்கங்க."

தலைவர் நகர்ந்துட்டார்.

பாலையா படகுத்துறையோட கடைசிக்கு வந்துட்டார். மூச்சு வாங்குது. "அம்மா... எல்லாப் படகும் பாத்துட்டேன்மா. அந்தப் பேருக்கு யாரும் திரும்பிப் பாக்கலை."

அப்போதான் சவரியம்மாள் அந்தப் போன்ல முதல் தடவையா பேசினாங்க.

"ஐயா... அவருக்கு ஒரு காது மந்தம். இன்னும் கொஞ்சம் சத்தமா கூப்பிடுறீங்களா?"

பாலையா திரும்பி நின்னார். வந்த வழியே, முதல் படகு வரைக்கும், தொண்டை கிழியக் கூப்பிட்டுகிட்டே போனார். படகுல வலையை உதறிகிட்டு இருந்தவங்களும் சேர்ந்து கூப்பிட்டாங்க. பாட்டரி தீர்ற வரைக்கும் சவரியம்மாள் அதைக் கேட்டுகிட்டு இருந்தாங்க.

மரியசூசை கிடைச்சாரா?

இல்லை. அன்னைக்கும் கிடைக்கலை, அப்புறமும் வரலை. கதையை நல்லபடியா முடிக்க எனக்கும் ஆசைதான்... ஆனா முடியலை.

மழைக்காலம் முடிஞ்சு காய்ச்சல் முகாமுக்காக ரஹீமா மறுபடியும் அந்தக் குப்பத்துக்குப் போனா. சவரியம்மாள் அவகிட்ட சொன்னாங்க. "கடல் கொண்டு போனதை யார் குடுக்க முடியும் கண்ணு? ஆனா ஒரு மனுஷன் தொண்டை கட்டுற வரைக்கும் அவரைத் தேடினாரே. இன்னும் வாசலையே பாத்துகிட்டுதான் இருக்கேன். ஆனா அந்தச் சத்தம் காதுல இருக்கிறதால தூக்கம் வருது."

தோழிகளே, பாலையா அந்த அம்மாவுக்கு என்ன கொடுத்தார்? அரிசி கொடுத்தாரா? போர்வை கொடுத்தாரா? கேட்ட ஆளைத்தான் கொடுக்க முடிஞ்சுதா? இல்லையே. உன் ஆளு எனக்கும் வேணும்னு அவரோட குரல் சொல்லுச்சு. அவ்வளவுதான்.

நம்ம ஊர்லயும் ஒருநாள் வெள்ளம் வரும். இந்தத் தொண்டர் பட்டையைக் கையில கட்டிகிட்டு நீங்களும் போவீங்க. யாராவது ஒருத்தர், உங்க மூட்டையில இல்லாத ஒண்ணைக் கேப்பாங்க. "எங்ககிட்ட அது இல்லைங்க"ன்னு சொல்லிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிடாதீங்க. கூட நின்னு தேடுங்க. படகுத்துறையோட கடைசி வரைக்கும் போங்க. கிடைக்கலையா?

திரும்பி நின்னு... இன்னும் கொஞ்சம் சத்தமா கூப்பிடுங்க.