ஆமையின் பிறந்தநாளும் மேலாளரின் முகமும்

விசிறி சுழலாத இந்த மண்டபத்திலே வியர்வையோடு வீற்றிருக்கும் விழாத் தலைவர் டோன் எலூட்டேரியோ அவர்களே! சான் அன்டோனியோ நகர மேற்குப் பகுதியின் மதிப்புக்குரிய பெரியோர்களே! மடியிலே பிள்ளையையும் மனத்திலே கோபத்தையும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே! எங்கள் அழைப்பை ஏற்று மேடையேறிய தொலைக்காட்சி நிலைய மேலாளர் திரு. விட்லாக் அவர்களே! அவருக்குப் பக்கத்திலே பளபளக்கும் பண்பாட்டு ஆலோசகப் பெருமக்களே! நாற்பது ஆண்டு நகரப் பேருந்து ஓட்டிய ஹெர்மீலா கான்டு உங்களை வணங்குகிறேன்.

என்ன, ஒலிபெருக்கி வேலை செய்யவில்லையா? கடைசி இருக்கையில் தூங்கியவனையே எழுப்பிய குரல் இது. கேட்கும், உட்காருங்கள்.

இவர் நிலையத்து நிகழ்ச்சி ஒன்று பிள்ளைகளுக்கு ஸ்பானிஷ் சொல்லித் தருகிறது! எப்பேர்ப்பட்ட காலம்! ஆங்கிலம் மட்டுமே பேசலாம் என்ற பள்ளியிலே நான் நம் வீட்டு மொழியான ஸ்பானிஷில் தண்ணீர் கேட்டேன். உள்ளங்கையிலே அடி கொடுத்தார்கள். இன்று அதே சொல்லைச் சொல்லும் பிள்ளைக்கு நட்சத்திரம் ஒட்டுகிறார்கள். சொல் மாறவில்லை, தாகம் மாறவில்லை; மாறியது யார்? பரவாயில்லை, பாராட்டுகிறேன். உள்ளங்கைதான் இன்னும் கொஞ்சம் யோசிக்கிறது.

அந்த நிகழ்ச்சியின் நாயகி சாயோ என்கிற துணிப்பொம்மை ஆமை. ஆமைக்குக் கையும் குரலும் கொடுத்தவள் நம் தெரு ஒஃபேலியா. வீட்டிலே ஸ்பானிஷைத் தொலைத்த நம் பிள்ளைகள் ஐந்து ஆண்டாக அவளிடம்தான் அதைத் திரும்பக் கண்டெடுத்தார்கள். ஆலோசகர்களுக்கு அது போதவில்லை. சினிமாவிலே நம் ஆட்களுக்கு மாட்டிவிடுவார்களே, அந்த அகலத் தொப்பியை வாராவாரம் ஆமைக்குப் போடச் சொன்னார்கள்.

"எங்கப்பா பேஸ்பால் தொப்பிதாங்க போடுறாரு," என்றாள் ஒஃபேலியா.

"அது சரிம்மா, பார்க்கிறவங்களுக்கு நீங்க யாருன்னு தெரிய வேண்டாமா?"

தெரிய வேண்டுமே! தொப்பி இல்லாவிட்டால் எங்களை எங்களுக்கே அடையாளம் தெரியாதே! கண்ணாடியிலே நிற்பது யாரோ என்று கதவைச் சாத்திவிட மாட்டோமா?

போன மாதம் ஆமைக்குப் பிறந்தநாள் கதை. நம் பிள்ளைகள் இருபது பேரை உட்கார வைத்துப் படம் பிடித்தார்கள். மேலாளரே நேரில் வந்தார். "எனக்கும் இன்னிக்குத்தான் பிறந்தநாள்!" என்று பூரித்தார். கேக்கின்மேல் குனிந்தார். மெழுகுவத்தி அணைந்தது. அப்புறம் என்ன நடக்கும்? சொல்லுங்கள், என்ன நடக்கும்?

கேட்டீர்களா ஐயா, மண்டபமே கத்துகிறது! "மோர்டீடா! மோர்டீடா!" ஒரு கடி, ஒரு கடி! கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கடிக்க வேண்டும். கடிக்கிற தலையைப் பின்னால் நிற்பவர் அமுக்க வேண்டும். இது எங்கள் வீட்டு வழக்கம். ஐந்து வயது யாரெட்சி நாற்காலிமேல் ஏறினாள், இரண்டு கையாலும் அமுக்கினாள். மேலாளர் காதுவரைக்கும் கிரீமுக்குள் போனார்!

சிரிக்காதீர்கள். சிரிக்க வேண்டிய ஆலோசகர்களே சிரிக்கவில்லை. பன்முகப் பண்பாடு என்று பக்கம் பக்கமாய் எழுதியவர்கள், ஒரு முகத்திலே கிரீம் ஒட்டியதும் அதற்குத் 'தாக்குதல்' என்று பெயர் வைத்தார்கள். பிள்ளைகளைத் தூண்டினாள் என்று ஒஃபேலியாவை விலக்கினார்கள். இனி எங்கோ பதிவு செய்த குரல்தான் ஆமைக்காம். இன்று இந்த மண்டபத்திலே முடிவாக வேண்டிய கேள்வி ஒன்றே: ஆமைக்குள் ஒஃபேலியாவின் கை இருக்குமா, இருக்காதா?

நான் யாரெட்சியிடமே போய்க் கேட்டேன்.

"ஏன்டி கண்ணு, அவரை எதுக்குடி அமுக்குன?"

அழுதுகொண்டே சொன்னாள்: "அவரு நம்ம ஆளுன்னு நெனச்சேன் அத்தை. இல்லையா?"

கேட்டீர்களா விட்லாக் ஐயா? வெளியாளை நாங்கள் தொடவே மாட்டோம். வெளியாளுக்குத் தட்டு வைப்போம், கைக்குட்டை வைப்போம், முள்கரண்டி வைப்போம், மரியாதையாக வழியனுப்புவோம். முகத்தை அமுக்குவது சொந்தக்காரனைத்தான். உங்கள் ஆலோசகர்கள் ஐந்து ஆண்டு கூட்டம் போட்டும் கிடைக்காத உறவை ஒரு குழந்தை ஒரே அமுக்கில் கொடுத்தாள். நீங்கள் துடைத்துப் போட்டுவிட்டீர்கள். எனக்கு அதுதான் ஐயா வலிக்கிறது.

இதோ ஒஃபேலியா கேக்கோடு வருகிறாள். பக்கத்திலே முள்கரண்டியும் இருக்கிறது. விருந்தாளியா, வீட்டு ஆளா? நீங்களே சொல்லுங்கள்.

என்ன ஐயா, கழுத்துப்பட்டையைத் தளர்த்துகிறீர்கள்? ஐயையோ, கையைப் பின்னால் கட்டுகிறாரே! யாரெட்சி, ஓடி வாடி! மூக்குக்கண்ணாடியை முதலில் கழற்றச் சொல்லு!

தலைவருக்கு நன்றி, தாய்மார்களுக்கு நன்றி. ஒஃபேலியாவின் கையோடு திரும்பி வரும் ஆமைக்கு என் வணக்கம்!