பாட்டக்காவின் முதல் வரி

தலைமை வகிக்கும் மருத்துவமனை நிர்வாக அதிகாரி அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் பெரியவர்களே, கீழே அமர்ந்திருக்கும் என் உடன் உழைப்பாளிகளே, தாயை இழந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் மகளே! வணக்கம்.

சலவைப் பிரிவில் பாட்டக்கா அவர்களோடு பத்தொன்பது ஆண்டுகள் படுக்கை விரிப்பு மடித்தவள் நான். விரிப்பின் ஒரு முனை அவர் கையில், மறுமுனை என் கையில். எனக்கு முன்னால் பேசியவர்கள் அவரை 'நம் குடும்பத்துக் குயில்' என்றார்கள். குடும்பமா? எந்தக் குடும்பம்?

அக்காவின் கணவர் இங்கே லிப்ட் பழுது பார்த்தவர். கயிறு அறுந்து விழுந்து, இதே கட்டடத்தில் இறந்தார். அந்தத் துக்கத்தில் துணி மடித்தபடியே அக்கா ஒரு பாட்டுக் கட்டினார். மூன்றே வரி.

*கயிறு நைஞ்சுபோச்சுன்னு மூணு தரம் சொன்னியே ராசா,*
*யாரக் கூப்பிட்ட அப்போ நீ, சாமியையா, என்னையா?*
*சாமிக்குக் கேக்குமுன்னு நான் இன்னும் பாடுறேன்.*

மூன்றாம் மாடியில் மனைவியைப் பறிகொடுத்த ஒரு பேருந்து ஓட்டுநர், கண்ணில் ஒரு சொட்டு நீர் வராமல் கல்லாய் உட்கார்ந்திருந்தார். விரிப்பு மாற்றப் போன அக்கா அவர் அருகே நின்று பாடினார். மனிதர் உடைந்து அழுதார். "இன்னொரு தடவை பாடும்மா" என்றார். எந்த மருந்து செய்த வேலை அது? அதற்கு நிர்வாகம் கொடுத்த பரிசு என்ன? 'பணி நேரத்தில் பாடினார்' என்று ஒரு மெமோ!

பிறகு ஆண்டு விழாவுக்கென்று அதே பாட்டைப் பாடச் சொல்லிப் பதிவு செய்தார்கள். சில மாதம் கழித்து, காய்ச்சலில் கிடந்த அக்கா இங்கே போன் செய்தார். மறுநாள் என்னிடம் சொன்னார்: "லீவு சொல்லலாம்னு போன் போட்டேன்டி. என் குரலே என்னைக் காக்க வெச்சுது."

ஆம்! புருஷனைப் பறிகொடுத்தவளின் ஒப்பாரி, காத்திருப்போருக்கான இசையாகிவிட்டது! 'யாரக் கூப்பிட்ட' என்று அவர் கதற, 'உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்' என்று அடுத்த குரல்! முதல் வரியை மட்டும் காணோம்.

அதிகாரியின் அறைக்கு அவரோடு நானும் போனேன்.

"ஊரே உங்க பாட்டைக் கேக்குதும்மா, பெருமைப்படுங்க" என்றார்.

"என் வீட்டுக்காரர் சொன்னதை மட்டும் ஏன் சார் வெட்டுனீங்க?"

"அந்த வரி நெகட்டிவா இருக்கு."

வெளியே வந்ததும் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "விட்டுடுக்கா, வேலை போயிடும்." அப்படிச் சொன்ன என் வாயை எத்தனை முறை கழுவினாலும் அந்த நாற்றம் போகவில்லை.

அக்கா விடவில்லை. மறுநாள் பார்வையாளர் நேரத்தில், முகப்புக் கூடத்தின் நடுவில் நின்று மூன்று வரியையும் பாடினார். தடுக்கப் போன காவலாளி பாதி வழியில் நின்றுவிட்டார். அன்று மாலையே அக்காவைப் பணி இடைநீக்கம் செய்தார்கள். இருபத்து மூன்றாம் நாள் மாரடைப்பு அவரைக் கொண்டுபோனது.

இன்று காலை அந்த எண்ணுக்கு நான் போன் செய்து பார்த்தேன். இன்னமும் பாடிக்கொண்டிருக்கிறார்! செத்தவளிடமும் வேலை வாங்குகிறீர்களே, கூச்சமாக இல்லையா உங்களுக்கு?

தோழர்களே, அந்த முதல் வரி திரும்பும்வரை, அல்லது அந்தப் பதிவு நிற்கும்வரை, தினமும் பார்வையாளர் நேரத்தில் சலவைப் பிரிவு முகப்புக் கூடத்தில் பாடும். நாளைக்கு முதல் ஆள் நான். மெமோவை இப்போதே எழுதி வைத்துக்கொள்ளலாம்.

மௌன அஞ்சலி என்று நிகழ்ச்சி நிரலில் போட்டிருக்கிறார்கள். அவரைத்தான் வாழ்நாள் முழுக்க வாயை மூடச் சொன்னீர்களே, போதாதா? எழுந்திருங்கள், பாடுவோம். மகளே, நீ எடுத்துக் கொடு.

மேடையில் இருப்பவர்கள் உட்கார்ந்தே இருக்கலாம்.