விறகு அடுப்புக்குக் கடன் இல்லை

தம்பி: அக்கான்னு கேக்கல. பேங்க் மேனேஜர்னே கேக்கறேன். எனக்கு ஏன் கடன் இல்ல?

அக்கா: மெதுவாப் பேசு. பசங்க உள்ள படிக்கிறாங்க.

தம்பி: கேக்கட்டும். அவங்கம்மா நீ பண்ற காரியம் அதுங்களுக்கும் தெரியட்டும்.

அக்கா: சாப்பிட்டியா?

தம்பி: பேச்சை மாத்தாத.

அக்கா: சரி... உன் பேக்கரியில ஓடுறது விறகு அடுப்பு. புகை விடுற தொழிலுக்குக் கடனைக் குறைக்கச் சொல்லி அரசாங்க உத்தரவு.

தம்பி: நான் விறகுக்கா கேட்டேன்? கரண்ட் அடுப்பு வாங்கத்தானே கேட்டேன்? புகையை நிறுத்தத்தானே...

அக்கா: புரியுதுடா. ஆனா உன் கணக்கே புகைத் தொழில்னு பதிஞ்சு கிடக்கு. எதுக்குக் குடுத்தாலும் அது புகைக் கடன்லதான் சேரும்.

தம்பி: அடுப்பை மாத்திட்டு வந்தா?

அக்கா: தாராளமாத் தருவோம்.

தம்பி: மாத்துறதுக்குத்தான்க்கா காசு இல்ல. எதிர்த்த பேக்கரிக்காரனுக்கு மட்டும் கரண்ட் அடுப்புக்கு எப்படிக் குடுத்த?

அக்கா: அவன் புதுசா ஆரம்பிக்கிறான். விறகையே தொட்டதில்ல.

தம்பி: ரொம்ப நல்லாயிருக்கு. புகையே விடாதவனுக்குப் புகையைக் குறைக்கக் கடன். எனக்குப் பட்டை நாமம்.

அக்கா: நக்கல் பண்ணாத. சட்டம் நான் போட்டதா?

தம்பி: "வேலைவாய்ப்புக் கடன்டா, என் டார்கெட் முடியல, வாங்கிக்கோடா"ன்னு கடை வாசல்ல வந்து நின்னது யாரு? அந்தக் காசுலதானே இந்த அடுப்பைக் கட்டினேன்?

அக்கா: அன்னிக்கு வேலை குடுன்னாங்க. இன்னிக்குக் காத்து சுத்தமா இருக்கணும்ங்கறாங்க.

தம்பி: நீங்க சொன்னீங்கன்னு எட்டுப் பேரை வெச்சுக்கிட்டேன். அவங்க இனிமே அந்தச் சுத்தமான காத்தைக் குடிச்சு உயிர் வாழணுமா?

அக்கா: ...கடையை மூடிடேன்.

தம்பி: என்ன சொன்ன?

அக்கா: இருக்கிறதை வித்து, பழைய கடனை அடைச்சிட்டு நிம்மதியா இரு.

தம்பி: யாருக்கு நிம்மதி? என் மூஞ்சியப் பார்த்துச் சொல்லு.

அக்கா: உன் கணக்கு ஒண்ணு முடிஞ்சா... என் கிளையில புகைக் கடனே இருக்காது. இந்த வருஷ டார்கெட் முடிஞ்சிடும். பிரமோஷன் அதுலதான் நிக்குது.

தம்பி: ச்சீ... கூடப் பொறந்தவ பேசுற பேச்சா இது?

அக்கா: எவ்வளவு வேணா திட்டிக்கோ. ஆனா கோவத்துல வட்டிக்காரன்கிட்ட மட்டும் போயிடாதடா.

தம்பி: நேத்தே போயிட்டேன்க்கா. அம்மாவும் கூட வந்தாங்க. அவங்க பேர்ல இருக்கிற இந்த வீட்டைத்தான் ஈடு வெச்சிருக்கோம்.